என் வலது காதுக்குக் கிடைத்த புது எலும்பு

இறைமக்களே, எனக்கு வேலை செய்துகொண்டிருந்தது ஒரே ஒரு காது. வலது காது. இடது காது நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது பொன்னுக்குவீங்கி வந்து அதோடு போய்விட்டது. அந்த ஒற்றைக் காதை வைத்துக்கொண்டுதான் படித்தேன், லோயர் கேம்ப் மின்நிலையத்தில் ஸ்டோர் கீப்பராக வேலை பார்த்தேன், ஒரு மகளை வளர்த்துக் கட்டிக் கொடுத்தேன். எழுபதை நெருங்கும் வயதில் அதுவும் போகப் போகிறது என்று தெரிந்தது. அப்போது நான் பட்ட கலக்கத்தைப் பட்டவர்கள்தான் அறிவார்கள்.

முதலில் சீழ் வந்தது. பக்கத்தில் உட்காருகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்கு வாடை. பிறகு சத்தங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஸ்டோரில் இருந்தவனுக்கு எண்ணாமல் இருக்க முடியாது. ராயப்பன்பட்டியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, இன்றைக்கு எதெல்லாம் கேட்டது என்று விரலை மடக்கி எண்ணுவேன். கோயில் மணி ஒன்று, குக்கர் விசில் இரண்டு, டிராக்டர் மூன்று. வாரத்துக்கு வாரம் மடக்காத விரல்கள் கூடிக்கொண்டே வந்தன.

எனக்காக மட்டும் என்றால் பொறுத்திருப்பேன். என் மனைவி அருளாயிக்கு அதற்கு முந்தின தவக்காலத்தில் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் தளர்ந்தன. பேச்சு திரும்பி வந்தது, ஆனால் குரல் அடங்கிப்போனது. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். உரக்கக் கூப்பிட முடியாத ஒருத்தி, மெல்லக் கூப்பிட்டால் கேட்காத ஒருவன்.

ஆடிக் காற்று அடித்த ஒரு காலையில் அருளாயி குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். திராட்சைப் பந்தலுக்கு வாங்கி வந்த கொக்கிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கூப்பிட்டிருக்கிறாள். உள்ள தெம்பையெல்லாம் கூட்டித் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறாள். கடைசியில் எதிர்வீட்டிலிருந்து என் அண்ணன் மனைவி லூர்து மதினி ஓடி வந்து தூக்கினார். என் தோளைப் பிடித்து உலுக்கி, காதுக்குள் கத்தினார்.

"கொழுந்தனாரே, தெருவுக்கு அங்கிட்டு இருக்க எனக்குக் கேட்டுச்சு. நீங்க இங்கன கல்லு மாதிரி உக்காந்து கொக்கி எண்ணிக்கிட்டு இருக்கீக."

எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் மகள் ஸ்டெல்லா கோயம்புத்தூரிலிருந்து வந்துவிட்டாள். அவள் சொன்னதை எனக்குப் புரிய வைக்க, எதிரே உட்கார்ந்து, வாயை அகலத் திறந்து பேசினாள்.

"அப்பா, அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன். ரெண்டு பேரையும் வச்சுக்கிட எங்க வீட்டுல எடமில்ல. மாமனார் மாமியாரும் இருக்காக. நீங்க தனியா சமாளிப்பீக. அம்மா இங்கன இருந்தா ஒரு நாளைக்கு யாருக்கும் தெரியாமலே உசுரு போயிரும்."

"எம்புட்டு நாள் டைம் குடுப்ப?"

"கிறிஸ்மஸ் வரைக்கும்."

அவள் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்துவிட்டு, காதுக்குள் இருக்கும் ஒரு சின்னக் கோளாறால் நாங்கள் பிரிய வேண்டும். அன்று சாயங்காலம் மாதா சிலை இருக்கும் கெபிக்குப் போய் முழங்கால் போட்டேன். "தாயே, பாட்டு வேண்டாம், ரேடியோ வேண்டாம். அவள் குரல் ஒன்று மட்டும் என் காதில் விழ உம் மகனிடம் கேட்டுத் தாரும்." வேறு எதுவும் கேட்கவில்லை.

தேனியில் காது மருத்துவம் பார்க்கும் ஒரு பெண் டாக்டரிடம் போனேன். மலையாளம் கலந்த தமிழ். ஸ்கேன் படத்தை விளக்கின் முன்னால் வைத்து, ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதியும் வரைந்தும் காட்டினார். சுத்தி, பட்டடை, அங்கவடி என்று பள்ளிக்கூடத்தில் படித்த அதே மூன்று எலும்புகள்தான். செவிப்பறையிலிருந்து உள்காதுக்குச் சத்தத்தைத் தள்ளிவிடுகிறவை. என் காதில், தோல் உள்நோக்கி வளர்ந்து கட்டியாகி எலும்பை அரித்திருக்கிறது. பட்டடை இல்லை. அங்கவடியில் அடித்தட்டு மட்டும் மிச்சம். அப்படியே விட்டால் அது மூளை வரைக்கும் போகும். அறுத்தாலோ, இருக்கிற ஒரே காதும் போகலாம்.

"நூத்துக்கு எத்தன பேருக்குச் சரியாகும் டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் என் காதருகே குனிந்து சத்தமாகச் சொன்னார். "நூறு பேர் கணக்கு வேணாம் சாரே. அந்த நூறுல நீங்க எங்கன நிப்பீங்கன்னு எனக்கு அறியில்லா. ரெண்டு ஆபரேஷன். முதல்ல கட்டிய சுத்தமா எடுக்கணும். அது திரும்ப வரலேன்னு பாத்துட்டு, அப்புறம் எலும்பு வைக்கணும். டைட்டானியம் எலும்பு."

"கிறிஸ்மசுக்குள்ள முடியுமா?"

"முடியாது. ஈஸ்டர் ஆகும்."

பேருந்தில் திரும்பும்போது சின்னமனூர் தாண்டும்வரை வாய்க்காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஈஸ்டர் வரைக்கும் யார் பொறுப்பார்கள்?

முதல் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தேன். தலையைச் சுற்றிக் கட்டு. அதுவரை கேட்ட கொஞ்சமும் நின்றுவிட்டது. கட்டு பிரித்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. லூர்து மதினி ஒரு சின்ன பாட்டிலோடு வந்தார். கெபி விளக்கில் எரிந்த எண்ணெய். நம் ஊரில் தலைவலிக்கும் அதுதான், மாட்டுக்கு மடி வீங்கினாலும் அதுதான். அதை லேசாகச் சூடு பண்ணி, என் காதில் ஊற்றக் கொண்டுவந்திருந்தார். என்ன நடக்கிறது என்று எனக்குப் பாதிதான் விளங்கியது. ஆனால் விளங்கிய அளவுக்கு எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. தலையைச் சாய்த்துக் கொடுத்துவிட்டேன்.

அருளாயி நாற்காலியில் இருந்தபடி இடது கையால் மதினியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எண்ணெய் பாதி என் சட்டையில். இருவரும் பேசியதைப் பின்னால் மதினியே எனக்கு எழுதிக் காட்டினார்.

"விடு அருளு, மாதா எண்ணெ."

"நெத்தியில பூசுங்க அக்கா. காதுல வேணாம்."

"நம்பிக்கை இல்லையா ஒனக்கு?"

"இருக்கு. நெத்தியில வச்சாலும் காது எங்கன இருக்குன்னு மாதாவுக்குத் தெரியும்."

மதினி என் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போனார். மறுபரிசோதனையில் இதை டாக்டரிடம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எண்ணெய் உள்ளே போயிருந்தால் புதிதாக ஒட்டிய செவிப்பறை அழுகியிருக்கும், இரண்டாவது ஆபரேஷனுக்கே வழி இருந்திருக்காது என்று பிறகு எழுதிக் காட்டினார். இறைமக்களே, என் செபத்துக்கு முதல் பதில் அன்றைக்கே கிடைத்துவிட்டது. தளராத அந்த இடது கையின் வழியாகக் கிடைத்தது.

மதினியும் சும்மா இருக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கூடத்திலேயே பாயைப் போட்டுவிட்டார். அருளாயி கூப்பிட்டால் அவர் ஓடுவார், ஓடும்போது என்னைத் திட்டிக்கொண்டே ஓடுவார். திட்டுவது உதட்டில் தெரியும்.

செபமாலைதான் கஷ்டமாக இருந்தது. எங்கள் வீட்டில் மங்கள வார்த்தை செபத்தின் முதல் பாதியை நான் சொல்வேன், பின் பாதியை அவள் சொல்வாள். அவள் முடித்தது எனக்குத் தெரியாது. அவள் பாதியில் இருக்கும்போதே நான் அடுத்த மணிக்குப் போய்விடுவேன். அவளுக்குக் கண் கலங்கும். பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். என் கட்டைவிரலை அவள் கையில் வைத்துக்கொண்டாள். தன் பாதியை முடித்ததும் ஒரு இழுப்பு. அதன் பிறகுதான் நான் தொடங்க வேண்டும். கிறிஸ்மசுக்கு வந்த ஸ்டெல்லா கதவருகே நின்று பத்துப் பத்தாக ஐம்பது மணியும் முடியும்வரை அதைப் பார்த்தாள். எடுத்து வைத்திருந்த அம்மாவின் பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்றினாள். "ஈஸ்டர் வரைக்கும்" என்று என் உள்ளங்கையில் விரலால் எழுதினாள்.

இரண்டாவது ஆபரேஷன் மயக்கம் கொடுக்காமல், காதை மட்டும் மரத்துப்போகச் செய்து. முந்தின நாள் டாக்டர் அந்த எலும்பைக் காட்டினார். ஏலக்காயை உடைத்தால் உள்ளே இருக்கும் ஒரு விதையளவுதான். தட்டையான தலை, மெல்லிய தண்டு. அங்கவடியின் அடித்தட்டில் தண்டு நிற்கும், தலை செவிப்பறையைத் தொடும், நடுவில் என் காதிலிருந்தே எடுத்த குருத்தெலும்புச் சீவல். ஸ்டோர் கீப்பர் புத்தி சும்மா இருக்குமா.

"ஸ்பேர் இருக்கா டாக்டர்? கீழ விழுந்தா என்ன செய்வீக?"

பதிலைத் தாளில் எழுதினார். "இருக்கு. நீளம் உள்ளே அளந்து பார்த்துத்தான் எடுப்பேன். பேடிக்க வேண்டாம், பயம் எதுக்கு."

மேசையில் முகத்தின் மேல் பச்சைத் துணி. இருட்டு, அமைதி. விரலில் செபமாலை கிடையாது, உள்ளே விட மாட்டார்கள். மனதில் மணி எண்ணினேன். மூன்றாவது பத்தில் பிசகினேன். திரும்பத் தொடங்கினேன். மறுபடியும் பிசகினேன். வாழ்க்கையில் முதல்முறையாக எண்ணுவதை விட்டேன். "தாயே, எண்ணிக்கை உம்மிடம் இருக்கட்டும்" என்றேன்.

அப்போது ஒரு தட்டு உரசியது.

எஃகுத் தட்டில் கத்தரி வைக்கும் சத்தம். அதற்குப் பின்னால் ஏதோ உறிஞ்சும் சத்தம். அதற்கும் பின்னால், தூரத்தில், ஒரு நர்ஸ் இன்னொரு நர்ஸிடம் கேட்கிறாள்.

"காலைல சாப்பிட்டியாடி?"

"எங்க, பஸ்ஸ விட்டுட்டேன். வயிறு கடிக்குது."

"நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்கம்மா" என்றேன் நான்.

 எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் கேட்டேன். ஒவ்வொருவர் சிரிப்பும் தனித்தனியாகக் கேட்டது. டாக்டர் மட்டும், "சாரே, அனங்காதீங்க, தலைய அசைக்கக் கூடாது. அழவும் கூடாது. இனிதான் மூடணும்" என்றார். அவர் குரல் இத்தனை மாதம் நான் நினைத்திருந்ததைவிட மெல்லிய குரல்.

அதன் பிறகு காதை அடைத்துக் கட்டினார்கள். மறுபடியும் அமைதி. தும்மக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது, தண்ணீர் படக் கூடாது. நம் பக்கத்துக் காற்றும் புழுதியும் தெரியாதா? மூக்கு அரிக்கும்போதெல்லாம் உள்ளே அந்தத் தண்டு சாய்ந்துவிட்டதாகவே நினைத்துக்கொள்வேன். அருளாயி என் கட்டைவிரலை ஒரு இழுப்பு இழுப்பாள். பேசாமல் இருங்கள் என்று அர்த்தம்.

அடைப்பை எடுத்த அன்று ஸ்டெல்லா அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். டாக்டர் கடைசித் துணுக்கை உருவினார். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். யார் உதடும் எனக்குத் தெரியாது. பின்னாலிருந்து ஒரு குரல், மெல்ல.

"சட்டைப் பொத்தான மாத்திப் போட்டுருக்கீக."

குனிந்து பார்த்தேன். மாற்றித்தான் போட்டிருந்தேன். பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டேன்.  ஸ்டெல்லா விம்மி அழுததும் கேட்டது.

"அப்பா, அம்மாவக் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று வேண்டுமென்றே கேட்டாள்.

அருளாயிதான் பதில் சொன்னாள். "எதுக்கு? மனுசனுக்கு இப்ப நான் மொனங்குனாலே கேக்குது. நான் என் வீட்டுக்குப் போறேன்."

போன வாரம் அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் நன்றிப் பூசை வைத்தேன். ஒலிபெருக்கி இவ்வளவு சத்தமாக வைப்பது தேவையா என்று பங்குத்தந்தையிடம் குறைப்பட்டுக்கொண்டேன். அந்தக் குறையைச் சொல்லக் கிடைத்ததே பெரிய வரம். இப்போது யாருக்காவது காதில் சீழ் என்று கேள்விப்பட்டால் நானே தேனிக்குக் கூட்டிப்போகிறேன். செபமும் செய்யுங்கள், டாக்டரையும் பாருங்கள். இரண்டும் ஒரே கடவுளின் கை.

என் மனைவி இப்போது ஒன்றுமில்லாததற்கெல்லாம் கூப்பிடுகிறாள். ஈ வந்து உட்கார்ந்தால் கூப்பிடுகிறாள். ஃபேனைக் குறைக்கச் சொல்லிக் கூப்பிடுகிறாள். ஒவ்வொன்றுக்கும் எழுந்து போகிறேன். ஒரு கிழவனே அந்தச் சின்னக் குரலுக்கு இப்படி ஓடுகிறான் என்றால், நம்மைப் படைத்தவர் எப்படி ஓடி வருவார் என்று யோசித்துப் பாருங்கள். உரக்கச் செபிக்கத் தெம்பில்லாதவர்களே, முனகினாலும் போதும். அவரைக் கூப்பிடுங்கள்.