மூன்று மில்லிமீட்டர் பித்தளை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மஹய்யாவயில் ஒற்றை அறை வீட்டிலிருந்து கிளம்பி, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு சிங்கள முதலாளியின் பட்டறையில் பித்தளைத் தூள் கூட்டிப் பெருக்கியவன், இன்று மூன்று லேத் ஓடுகிற பட்டறைக்குச் சொந்தக்காரன். தேயிலைத் தொழிற்சாலைக்காரர்கள் வருவார்கள், பஸ்காரர்கள் வருவார்கள், ஹோட்டல்காரர்கள் வருவார்கள். உடைந்த சாமானைக் கையில் கொடுத்தால் போதும். வரைபடம் வேண்டாம். இருந்ததைவிட நல்லதாகச் செய்து கொடுப்பேன். இருந்ததைவிட நல்லதாக என்பதுதான் என் பட்டறையின் பேச்சு. அந்தப் பேச்சுதான் என் மகளின் உத்தியோகத்தில் கை வைத்தது.

கெலிஓயாவுக்கு மேலே ஒரு மேட்டில் மழையைப் பற்றி ஆராய்கிற கூடம் ஒன்று இருக்கிறது. என் மகள் அங்கே தொழில்நுட்ப உத்தியோகத்தர். ஆறு வருஷமாகத் தற்காலிகம். ஒவ்வொரு வருஷமும் ஒரு கடிதம் வரும், இன்னும் ஒரு வருஷம் இருக்கலாம் என்று. போன வருஷம் அங்கே நிரந்தரமாக ஓர் இடம் விழுந்தது. அது அவளுக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நேர்முகப் பரீட்சை மட்டும் பாக்கி. அவள் அம்மா செவ்வாய்க்கிழமை தவறாமல் எங்கள் வேதக் கோவிலில் மெழுகுதிரி ஏற்றினாள். நான் சந்தியில் நின்று நாலு பேரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

அந்தக் கூடத்தின் கூரைமேல் ஒரு ரேடார் உண்டு. மலைக்கு அந்தப் பக்கம் மழை எங்கே திரள்கிறது என்று பார்ப்பதற்கு. கீழே இருக்கிற பெட்டியிலிருந்து மேலே இருக்கிற தட்டுக்கு அலை போகிற வழி, நீள்சதுரமான ஒரு பித்தளைக் குழாய். வேவ்கைட் என்பார்கள். வயரிலேயே அனுப்பினால் என்ன என்று கேட்டேன்.

"அந்த அலைக்கு வயர் சரிவராதுப்பா. பாதி வழியிலயே செத்துரும்" என்றாள்.

காற்று அடித்த ஒரு நாளில் பலாக் கிளை முறிந்து அந்தக் குழாய்மேல் விழுந்தது. முழங்கை நீளத் துண்டு ஒன்று நசுங்கிவிட்டது. புதுத் துண்டு வெளிநாட்டிலிருந்து வர மூன்று மாதம் ஆகும் என்றார்கள். மழைக்காலம் வாசலில் நின்றது. "எங்கப்பா செஞ்சு தருவாரு மேடம்" என்று தலைமை அதிகாரியம்மாவிடம் சொன்னவள் என் மகள். சொல்லு, சொல்லு என்று அவளைத் தள்ளியவன் நான்.

நசுங்கிய துண்டோடு ஒரு தாளையும் பட்டறைக்குக் கொண்டுவந்தாள். தாள் முழுவதும் கட்டம் போட்ட அட்டவணை, இங்கிலீஷில். பெரிய குழாய் மேலே, சின்னக் குழாய் கீழே என்று வரிசையாக இருந்தது.

"இந்த வரிதான்ப்பா நம்மளது. தொண்ணூறாம் நம்பர். உள்ளளவுதான் முக்கியம். இருபத்திரெண்டு புள்ளி எட்டு ஆறு அகலம், பத்து புள்ளி ஒன்னு ஆறு உயரம். அது மட்டும் மாறக் கூடாது."

"நீ பொறக்க முந்தியே வேர்னியர் புடிச்சவன் நான். பித்தளைய பத்தி எனக்கே பாடமா?"

திகனையிலிருந்து இருபது வருஷமாக வந்து என்னோடு வேலை செய்யும் லேத்காரர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "மகள் செல்றத கேளுங்க மொதலாளி. நீங்க படிக்காத கொறைக்கு அவ படிச்சிருக்கா."

"நீ ஒன் வேலைய பாரு" என்றேன். மூவருமே சிரித்தோம்.

உண்மையைச் சொல்கிறேன். அந்தத் தாளில் இலக்கங்களை மட்டும்தான் எனக்கு வாசிக்கத் தெரிந்தது. எது உள்ளளவு, எது வெளியளவு, எது அலையின் எல்லை என்று தலைப்பில் எழுதியிருந்ததை வாசிக்கத் தெரியாது. கேட்டிருக்கலாம். ஆறு வருஷம் ஆய்வுக்கூடத்தில் இருப்பவளிடம், அதுவும் என் லேத்காரர் பார்த்துக்கொண்டிருக்க, இந்த எழுத்து என்ன எழுத்து என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கடைசிக் கட்டத்தில் ஒன்று, அரை என்று கண்டேன். நசுங்காத நுனியில் வேர்னியரை வைத்து வெளிப்பக்கம் அளந்தேன். சரியாக ஓர் அங்குலம், அரை அங்குலம். என் காலத்து அளவு! இதற்கா இத்தனை புள்ளிகள் என்று நினைத்துக்கொண்டேன்.

குழாயின் சுவரைப் பார்த்தேன். ஒன்றேகால் மில்லிமீட்டர்தான் இருக்கும், தகர டப்பா மாதிரி. அதனால்தானே ஒரு பலாக் கிளைக்கே மடங்கிப்போனது? எங்கள் தொழிலில் பித்தளையைக் கையில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். கனம் குறைந்தால் கள்ளன் என்பார்கள். என் மகளின் பெயரில் போகிற சாமான் தகரமாகப் போகலாமா? மூன்று மில்லிமீட்டர் பித்தளைத் தகடு எடுத்தேன். குழாயின் இரண்டு நுனியிலும் போல்ட் பூட்டும் தட்டுகள் இருந்தன. அவற்றைச் சூடு காட்டிக் கழற்றிப் புதுக் குழாயில் மாட்டி வெள்ளி ஒட்டுப் போட வேண்டும். தட்டிலிருந்த துளை ஓர் அங்குலத்துக்கு அரை அங்குலம். ஆகவே வெளிப்பக்கம் கூட்ட முடியாது. கூட்டின கனமெல்லாம் உள்ளே போயிற்று.

லேத்காரர் நுனியில் கண்ணை வைத்துப் பார்த்தார். "உள்ளுக்கு சுருங்குதே மொதலாளி?"

"மாடா போகப் போவுது உள்ள? காத்துதானேய்யா."

அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு அவர் இன்னும் கொஞ்சம் சண்டை பிடித்திருக்கலாம் என்று பிறகு நான் நினைத்ததுண்டு. அதுவும் என் குற்றத்தை இன்னொருவர் தலையில் இறக்கிவைக்கும் வழிதான்.

நாலு நாளில் முடித்தேன். கண்ணாடி போல மின்னியது. தூசு போகாமல் இரண்டு வாயையும் டேப் போட்டு மூடினேன். சனிக்கிழமை மகள் வந்து கையில் வாங்கிப் பார்த்தாள். கனத்தைக் கண்டு புருவத்தைத் தூக்கினாள். பையிலிருந்து தன் வேர்னியரை எடுத்து, ஒரு பக்கத்து டேப்பை நகத்தால் சுரண்டத் தொடங்கினாள்.

"என்னது?"

"சும்மா ஒரு தடவப்பா. அளந்து எழுதணும்."

"ஒங்கம்மா சோறு போட்டா நிறுத்துப் பாத்தா திங்கிற?"

பட்டறையே சிரித்தது. அவளும் சிரித்தாள். முகம் கொஞ்சம் சிவந்தது. வேர்னியரைப் பைக்குள் வைத்துவிட்டாள். நான் டேப்பைத் திரும்ப அழுத்தி ஒட்டிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை மழைத் தூறலில் இரண்டு ஆட்கள் கூரையில் ஏறி அவசரமாக டேப்பைப் பிய்த்துவிட்டு அதைப் பூட்டினார்கள். இவள் கீழே பெட்டிக்கு முன்னால் இருந்தாளாம். ரேடாரைப் போட்டுப் பத்து நிமிஷத்தில் கருகின வாடை வந்தது. அலையை உண்டாக்குகிற உறுப்பே எரிந்துவிட்டது.

அன்று சாயந்தரம் வீட்டுக்கு வந்தவள் குழாயை மேசைமேல் வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தாள். சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை. குழாயின் வாய்க்கு உள்ளே நெருப்புப் பொறி பட்டது மாதிரி ஒரு கறுப்பு. அவள் கோபப்பட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவளோ நேற்றுச் சேர்ந்த ஆளுக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"அலை பித்தளையில போறதில்லப்பா. உள்ள இருக்கிற வெறுமையிலதான் போவுது. அதனாலதான் கொழாய்க்கு உள்ளகலத்த வச்சுப் பேரு. தொண்ணூறுன்னா, ஒரு அங்குலத்த நூறாப் பிரிச்சா அதுல தொண்ணூறு பங்கு. அந்த அகலத்துல எட்டு புள்ளி ரெண்டு கிகாஹேட்ஸ்ல இருந்து பன்னெண்டு புள்ளி நாலு வரைக்கும் சொகமா போவும். எங்க ரேடார் ஒம்போது புள்ளி நாலு."

"சரி."

"நீங்க செஞ்சதுல உள்ளகலம் பத்தொம்போது புள்ளி நாலு. அது கிட்டத்தட்ட எழுபத்தஞ்சாம் நம்பர் கொழாய். பத்துல இருந்து பதினஞ்சு வரைக்கும் போற அலைக்கு உள்ளது. உயரமும் கொறஞ்சு போச்சு. எங்க அலையில ஒரு பங்கு அந்த வாயில முட்டி நிக்கும்."

"நின்னா?"

"திரும்பி வரும். வந்த எடத்தையே சுடும்."

"மேடம் என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"பழுது அறிக்க எழுதச் சொன்னாங்க. எழுதிக் குடுத்துட்டேன்."

"என்னன்னு?"

"குடுத்த தாள்ல உள்ளளவ குறிக்க நான்தான் மறந்துட்டேன்னு."

"நீ மறக்கலயே."

"மறக்கல. ஆனா அளந்து பாக்காம வாங்கினவ நான்தானே? எப்படியும் எம் பேருதான் போவுது. ஒங்க பேரு எதுக்கு?"

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. பதினான்கு நாள் பேசவில்லை. பட்டறைக்குப் போனேன், வந்தேன். தாளில் உள்ளளவு என்று தமிழில் எழுதியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காதா என்று ஒரு நாள் நினைத்தேன். அவள் அளந்திருந்தால் நான் தடுத்தா இருப்பேன் என்று இன்னொரு நாள் நினைத்தேன். தடுத்தேனே! நேர்முகப் பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கையில், அவள் அறைக்குள் இருந்து தனக்குத்தானே பதில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தது கேட்டது. "என் கவனக்குறைவுதான்" என்று இங்கிலீஷிலும் சிங்களத்திலும் மாறி மாறிச் சொன்னாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

அவளிடம் சொல்லாமலே, அவள் பேராதனைக்கு ஒரு வேலையாகப் போயிருந்த நாளில் அந்த மேட்டுக்குப் போனேன். தலைமை அதிகாரியம்மா எழுந்து நின்று வரவேற்றார். நாங்கள் சிங்களத்தில்தான் பேசினோம்; பட்டறைக்காரர்களை மரியாதையாகக் கூப்பிடும் சொல்லால் என்னைக் கூப்பிட்டார்.

"வாங்க பாஸுன்னெஹே. உங்க ஒட்டு வேலையப் பாத்து எங்க ஆளுங்க அசந்து போனாங்க. இவ்வளவு நேர்த்தியா இங்க யாரும் செய்யறதில்ல. குடுத்த அளவுதான் பிழைச்சுப் போச்சு."

வேறொரு நாளாக இருந்தால் இந்தப் புகழ்ச்சியை ஊர் முழுக்கக் கொண்டுபோயிருப்பேன்.

"அளவு பிழையில்ல மேடம். மகள் உள்ளளவு இருந்த தாளையே தந்தா, வாயாலயும் சொன்னா. எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. கனமா இருக்கட்டும்னு நானா மாத்தினேன். அவ அளக்க வந்தப்போ கிண்டல் பண்ணித் தடுத்ததும் நான்தான்."

அவர் அலுமாரியைத் திறந்து, ஒரு ஃபைலை எடுத்து, என் மகள் கையெழுத்துப் போட்ட தாளை என் முன்னால் வைத்தார்.

"அப்படின்னா இவ இதுல எழுதினது பொய்யா?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கிவிடும், மகள் தப்பிவிடுவாள் என்றே படியேறி வந்தேன். ஆமாம் என்றால் அவள் பொய்க்காரி. இல்லை என்றால் அவள் கவனமில்லாதவள். எந்த வாய் வழியாகப் போனாலும் அது திரும்பி வந்து அவளைத்தான் சுடும்.

"என்னைக் காப்பாத்த எழுதினா மேடம்" என்றேன்.

"அது எனக்குப் புரியுது. ஆனா பிழையா ஒரு அளவு குடுத்தவளை நான் மன்னிச்சிருப்பேன், பாஸுன்னெஹே. மழை எவ்வளவு பெய்யுதுன்னு சொல்ற இடம் இது. இங்க எழுதற ஒரு வரி பொய்யா இருக்கக் கூடாது. இப்ப எனக்குத் தெரிஞ்சு போச்சு. தெரியாத மாதிரி இருக்கச் சொல்றீங்களா?"

இருங்கள் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் இருந்திருக்க மாட்டார்.

அன்று மாலையே மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று கேட்டாள்.

"சொன்னது சரிதான்ப்பா" என்றாள். "நான் எழுதிக் குடுத்த அன்னைக்கே சொல்லியிருக்கலாம்."

நிரந்தர இடம் வேறொருவருக்குப் போயிற்று. இவளுக்கு வழக்கமான கடிதம், இன்னும் ஒரு வருஷம் தற்காலிகம். அவள் எழுதும் அறிக்கைகளில் இப்போது இரண்டாவதாக இன்னொருவர் கையெழுத்தும் வேண்டுமாம். காலையில் எப்போதும்போல பஸ்ஸுக்குப் போகிறாள். என்னோடு பேசாமல் இல்லை. மீன் வந்ததா, தண்ணீர் வந்ததா என்று பேசுகிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் வாசலில் நின்றோம். மஹய்யாவப் பழைய ஆள் ஒருவர், நான் சந்தியில் பெருமையடித்ததை மறக்காதவர், சத்தமாகக் கேட்டார்.

"என்ன மொதலாளி, மகளுக்கு நிரந்தரமாயிருச்சா?"

"இல்ல."

"ஏன்? படிப்பு பத்தலயா?"

"படிப்பு இருக்கு. என்னாலதான் கெடைக்கல. நான் செஞ்சு குடுத்த சாமான் பிழை."

அவர் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துப் பல் தெரியச் சிரித்தார். "ஒங்க கையா? பிழையா?" என்றார். நான் மறுபடியும், கொஞ்சம் பலமாகவே, சொன்னேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். என் மகள் முக்காட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே, "போதும்ப்பா, நடங்க" என்றாள். நடந்தோம். எனக்கு முன்னால், சற்று வேகமாகவே போனாள்.