லாண்டரியம்மா கூட்டத்துக்குப் போனது

லாண்டரியம்மாவின் மூக்குக்கு அந்தத் தெருவில் தனி மரியாதை இருந்தது. சலவைக்கு வந்த சட்டையின் காலரை ஒருமுறை மோந்து பார்த்தால் போதும். போட்டிருந்தவர் நேற்று எங்கே சாப்பிட்டார், வீட்டில் என்ன பொய் சொன்னார் என்பதுவரை தெரிந்துவிடும் என்று ஜனங்கள் நம்பினார்கள். அவரும் நம்பினார். தொல்லையே அதுதான்.

அப்பேர்ப்பட்ட மூக்கை வைத்துக்கொண்டிருந்தும், பெற்ற மகள் வருஷக்கணக்காகக் குடித்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாமல் போயிற்று. மகள் வேதியியல் டீச்சர். தண்ணீர் பாட்டிலில் கலந்து வைத்து, ஆசிரியர் அறையில் எல்லார் முன்னிலையிலும் கண்ணியமாகக் குடித்தாள். ஒருநாள் கரும்பலகையைப் பிடித்தபடி வகுப்பிலேயே சரிந்து விழுந்தபோது ஊருக்கே விஷயம் தெரிந்தது. கடைசியாகத் தெரிந்தது லாண்டரியம்மாவுக்கு.

வேலை போயிற்று. கல்யாணமும் கலைந்தது. சிகிச்சை நிலையத்தில் சில மாதங்கள் இருந்துவிட்டு, முப்பது தாண்டிய வயதில் மகள் அம்மா வீட்டுப் பின்னறைக்குத் திரும்பி வந்தாள். கிளம்பும் அன்று அங்கிருந்த ஆலோசகர் லாண்டரியம்மாவை உட்காரவைத்துப் பேசினார்.

"நீங்க அவங்களுக்கு அம்மாவா மட்டும் இருங்க. போலீஸ் ஆயிடாதீங்க."

லாண்டரியம்மா பயபக்தியோடு தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இருமல் மருந்தைக் கழிப்பறையில் கொட்டினார். அதைத் தொடர்ந்து சென்ட் பாட்டில் போனது. கடையில் கறை எடுக்க வைத்திருந்த ஸ்பிரிட் பூட்டுக்குள் போனது. மகள் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று துணி மடித்தார். அவள் எங்காவது போய்வந்தால் பாசம் பொங்கக் கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்டபடியே கழுத்தோரமாக ஒரு மூச்சு இழுத்தார். வாழ்நாளில் அவர் யாரையும் அத்தனை அன்பாகக் கட்டிக்கொண்டதில்லை.

"மோந்து முடிச்சாச்சா?" என்பாள் மகள்.

"என்னடி பேச்சு இது? பெத்தவ கட்டிக்கக் கூடாதா?"

"தாராளமா கட்டிக்கோ. மூச்சை மட்டும் வெளிய விடு. மயங்கி விழுந்துடப் போற."

இந்த லட்சணத்தில் கொழுந்தனார் வேறு தினமும் போன் செய்து தைரியம் சொன்னார். "மனசு வெச்சா முடியாதது என்ன இருக்கு அண்ணி? கட்டுப்பாடு வேணும், அவ்வளவுதான்." சர்க்கரை வியாதிக்காரர். அவர் கேக் மெல்லுகிற சத்தம் போனில் தெளிவாகக் கேட்கும்.

வாரத்தில் ஒரு மாலை மகள் 'கூட்டம்' என்று கிளம்பிப் போவாள். குடியை விட்டவர்கள் ஒன்றுகூடி மனம்விட்டுப் பேசுவார்களாம். குடிகாரர்கள் ஒன்றுகூடினால் என்ன செய்வார்கள் என்று லாண்டரியம்மாவுக்கா தெரியாது? ஒருநாள் கடையை முன்னதாகவே சாத்திவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னாலேயே போனார்.

டயர் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. மகள் ஏறிப் போய்விட்டாள். லாண்டரியம்மா பூனை மாதிரிப் படியேறிக் கதவில் காதை வைத்தார். கதவு திறந்துகொண்டது. எதிரே பெரிய மீசையோடு ஒருவர் நின்றார். ஒரு காலத்தில் பஸ் ஓட்டியவர்.

"வாங்கம்மா. முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான், வாசலோட திரும்பிடலாம்னு தோணும்."

"ஐயையோ, நான் குடிக்கிறவ இல்லைங்க."

உள்ளே வட்டமாக உட்கார்ந்திருந்தவர்கள் பரிவோடு தலையசைத்தார்கள்.

"நானும் இதையேதான் சொன்னேன்," என்றார் டிரைவர்.

"என் பொண்ணுக்குத்தாங்க பிரச்சினை."

"நான் என் பொண்டாட்டிக்குன்னு சொன்னேன். உக்காருங்க."

அசடு வழிய உட்கார்ந்தார். பக்கத்து அறையிலிருந்து டீத் தட்டோடு வந்த மகள் ஒரு கணம் அப்படியே நின்றாள். லாண்டரியம்மா முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டார். மகளோ நேராக வந்து குனிந்து, "புதுசா வந்திருக்கீங்களா? சர்க்கரை போடலாமா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு, உதட்டோரம் சிரித்தபடி எதிரே போய் உட்கார்ந்தாள்.

ஒவ்வொருவராகப் பேசினார்கள். மகளின் முறை வந்தபோது அந்தச் சிரிப்பு போயிருந்தது.

"போன மாசம் ஒருநாள் குடிச்சுட்டேன்," என்றாள். "அம்மாகிட்ட சொல்லிடணும்னுதான் வீட்டுக்குப் போனேன். பயத்துல வழியில ஒரு வெங்காயத்தை வேற மென்னுட்டுப் போனேன். அம்மா கட்டிப் பிடிச்சாங்க. நல்லா மோந்தாங்க. 'இன்னிக்குத்தாண்டி முகம் தெளிவா இருக்கு'ன்னாங்க. சோதனையில பாஸ் போட்டாச்சு, அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? மாட்டிக்கலையேன்னு சந்தோஷம் வரணும். அழுகைதான் வந்துச்சு."

லாண்டரியம்மா கையிலிருந்த டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க பேசறீங்களாம்மா? கட்டாயம் இல்ல," என்றார் டிரைவர்.

லாண்டரியம்மா டீயைக் கீழே வைத்தார்.

"என்னால நிறுத்த முடியலைங்க. குடியைச் சொல்லல. இவளை வேவு பாக்கறதை. இன்னிக்கு ஒருநாள் சும்மா இருப்போம்னு காலைல நினைக்கிறேன். மத்தியானம் வர்றதுக்குள்ள இவ பெட்டியைக் குடைய ஆரம்பிச்சுடறேன்."

யாரும் சிரிக்கவில்லை. மூலையிலிருந்த நர்ஸ் ஒருத்தி கேட்டாள்: "யாருக்கும் தெரியாமத்தான் செய்வீங்களா?"

"ஆமா."

"செஞ்சப்புறம் வெக்கமா இருக்குமா?"

"ரொம்ப."

"அப்ப சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க."

இருவரும் சேர்ந்தே வீட்டுக்கு நடந்தார்கள்.

"வெங்காயமா?" என்றார் லாண்டரியம்மா.

"வேதியியல் படிச்சவம்மா நான்."

லாண்டரியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. மகளுக்கும் வந்தது. தெருவிளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, போகிற வருகிறவர்கள் இரண்டு பேருமே குடித்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டும் அளவுக்குச் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் லாண்டரியம்மா அழுதார்.

அன்றோடு அவர் திருந்திவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். குடும்பத்தாருக்கென்று அதே மாடியில் வேறொரு நாள் கூட்டம் நடக்கிறது என்று டிரைவர் சொல்ல, அதில் சேர்ந்தார். சேர்ந்த பிறகும் இரண்டு முறை பெட்டியைக் குடைந்தார். குடைந்ததை மகளிடமே ஒப்புக்கொண்டார். சிகிச்சை நிலைய ஆலோசகர் மாதிரி மகள் அவர் முதுகைத் தட்டி, "பரவால்ல, நாளைக்குப் பாத்துக்கலாம்," என்றாள்.

நாளடைவில் மகளும் கடையில் இஸ்திரி போட ஆரம்பித்திருந்தாள். மழைக்காலத்தில் ஒரு காலை அவள் தாமதமாக வந்தாள். இஸ்திரிப் பெட்டியை எடுக்காமல் வாசலிலேயே நின்றாள்.

"அம்மா, நேத்து குடிச்சுட்டேன்."

கேட்க ஆயிரம் கேள்விகள் லாண்டரியம்மாவின் நாக்கு நுனிவரை வந்து முட்டி மோதின. எங்கே, எவ்வளவு, யாரோடு, எந்தப் பாவி கொடுத்தான். அவர் அத்தனையையும் விழுங்கினார். விழுங்கியது கண்ணில் தண்ணீராக வந்தது.

"டிரைவருக்குச் சொல்லிட்டியா?"

"போன் பண்ணிட்டேன். சாயங்காலம் வரச் சொன்னாரு."

"சரி. இந்தா, அந்த முனையைப் பிடி."

தங்கும் விடுதிக்குப் போகவேண்டிய இரட்டைக் கட்டில் விரிப்பு அது. ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இழுத்து, நடுவில் வந்து சேர்ந்து, மறுபடி விலகி மடித்தார்கள். மகளின் பிடியிலிருந்து முனை இரண்டு முறை நழுவியது. மடிப்பு கோணல் என்று விடுதிக்காரர் மறுநாள் அதைத் திருப்பி அனுப்பினார்.