மாப்பிள்ளைக் காருக்குப் போட்ட கேம்ஷாஃப்ட்

எங்கள் சித்தப்பா கையில் எதைக் கொடுத்தாலும் தவறிவிடும் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அதில் பொய்யும் இல்லை. அத்தைக்கு முதலில் அமைந்த சம்பந்தத்தில், நிச்சயத் தட்டை வாங்கிய சித்தப்பா அதை அப்படியே கீழே போட்டார். தேங்காய் உருண்டு வாசல்வரை போயிற்று. சகுனம் சரியில்லை என்று அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அத்தை அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் மனுஷனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

இரண்டு வருடம் கழித்து வேலூர்ப் பக்கம் ஒரு இடம் அமைந்தது. மாப்பிள்ளை அழைப்புக்குத் தன் காரைத்தான் எடுக்க வேண்டும் என்று சித்தப்பா ஒற்றைக்காலில் நின்றார். அதுவோ கிழட்டுக் கார். திருப்பதி மலை ஏறும்போது நாங்கள் எல்லாரும் இறங்கி அதன் பின்னால் நடந்திருக்கிறோம். மெக்கானிக் அண்ணன் பிரித்துப் பார்த்துவிட்டு, கேம்ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது என்றார். மாற்றுவதுதான் மாற்றுகிறோம், பலம் கூடுகிற மாதிரி ஒன்றைப் போட்டுவிடலாம் என்று சித்தப்பாவுக்கு ஆசை வந்துவிட்டது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டால் அவர் பின்னால்தான் திரிவேன். மெக்கானிக் அண்ணன் பட்டறையில் பழைய செய்தித்தாள் விரித்து, கேம்ஷாஃப்ட் என்று இரண்டு இரும்புத் தண்டுகளை வைத்திருந்தார். இரண்டிலும் முட்டை முட்டையாகப் புடைப்புகள். தண்டு சுற்றும்போது அந்தப் புடைப்பு வால்வைத் தூக்கித் திறக்கும், காற்றும் பெட்ரோலும் இன்ஜினுக்குள் போகும் என்று எனக்கு விளக்கினார். ஒன்றில் புடைப்பு சிறியது. இன்னொன்றில் பெரியது.

“பெரிசு போட்டா, அழுத்தி மிதிச்சா பறக்கும்பா. ஆனா மெதுவா உருட்டிக்கினு போனா ஆஃப் ஆயிடும். ஊருக்குள்ள ஓட்ட சின்னதே போதும்” என்றார் மெக்கானிக் அண்ணன்.

பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிற சித்தப்பாவுக்கு இப்படியெல்லாம் சொன்னால் ஏறுமா? “அண்ணே, நீ தறியில உக்காந்தது இல்ல. மிதிச்சா இழை எவ்ளோ மேல போவுதோ, ஊடால நூலை இழுத்துக்கினு நாடா அவ்ளோ ஜோரா ஓடும். எல்லாம் ஒரே கணக்குதான்” என்றார் சித்தப்பா. பிறகு என்னைப் பார்த்து, “நீ சொல்லுமா, எது?” என்று கேட்டார். நான் பெரியதைக் காட்டினேன். லட்டு என்றாலும் நான் அதைத்தான் காட்டியிருப்பேன்.

தாமல் ஏரி வரைக்கும் ஓட்டிப் பார்த்தோம். பெருஞ்சாலையில் கார் பறந்தது. சித்தப்பா ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவேயில்லை.

மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயங்காலம், கோட்டு சூட்டும் மாலையுமாக மாப்பிள்ளை பின்சீட்டில் உட்கார்ந்தார். வழக்கப்படி வாண்டுகள் நாங்கள் நாலு பேர் அவரைச் சுற்றி அடைந்துகொண்டோம். முன்னால் நாதஸ்வரம், மேளம். அவர்கள் நடக்கிற வேகத்தில் கார் போக வேண்டும். கோயிலைத் தாண்டியதும் ஒரு குலுக்கல், கார் நின்றது. சித்தப்பா சாவியைத் திருகி ஆக்ஸிலேட்டரை மிதித்தார். கார் போட்ட உறுமலில் மேளக்காரர்கள் சாக்கடை ஓரத்துக்குத் தாவினார்கள். பத்தடி போனதும் மறுபடி நின்றது. மூன்றாவது முறையும் நின்றது. எனக்கு வாசல்வரை உருண்ட அந்தத் தேங்காய் ஞாபகம் வந்தது.

பின்னால் வந்துகொண்டிருந்த மாப்பிள்ளையின் அம்மா ஜன்னலோரம் வந்து நின்றார். “இன்னாப்பா இது, மூணு தபா நின்னுடுச்சி. நல்ல காரியத்துல இப்டி ஆவலாமா?”

சித்தப்பா சாவியைத் திருகிக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளைதான் பேசினார். “நான்தாம்மா நிறுத்தச் சொன்னேன். நாயனம் அருமையா வாசிக்கிறாரு. நின்னு கேட்டுக்கினு போலாம்னு.”

அவர் அம்மா பின்னால் நடந்து வந்தவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டார். மாப்பிள்ளை முன்னால் குனிந்து, “மச்சான், இனிமே அதுவா நிக்கிறதுக்கு முன்னாடி நீங்களே நிறுத்திடுங்க” என்றார் மெதுவாக.

அவ்வளவுதான், மாப்பிள்ளை புகழ்ந்தது காதில் விழுந்த நாயனக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. கார் நின்ற இடத்திலெல்லாம் ஒரு முழுப் பாட்டு வாசித்தார். மண்டபம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

நான் இறங்கியதும் மணப்பெண் அறைக்கு ஓடினேன். கார் நின்று நின்று வருகிற செய்தி யாரோ செல்போனில் சொல்லி அங்கே முன்பே வந்திருந்தது. அத்தை காபியைத் தொடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. “அத்தை, புது மாமா பொய் சொல்றாரு. நிறுத்தச் சொன்னேன்னு அவங்க அம்மாகிட்ட சொன்னாரு. சொல்லவே இல்ல. கார் தானாத்தான் நின்னுச்சி. நான் பக்கத்துலயே இருந்தேன்.”

“திரும்பச் சொல்லு” என்றாள் அத்தை. சொன்னேன். “வேற என்ன சொன்னாரு?” என்று கேட்டாள். சித்தப்பாவிடம் அவர் குனிந்து சொன்னதையும் சொன்னேன். கண்ணில் நீர் முட்ட அவள் சிரித்தாள். என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். பிறகு ஆறிப்போன காபியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.