பரமேஸ் அக்கா அணைத்த சிவப்பு பல்பு

எங்கள் ஆய்வுக்கூடத்தில் சாமான் அறையைப் பார்த்துக்கொண்டிருந்த பாலன்தான் தொலைபேசியில் அழைத்தான். "சார், பரமேஸ் அக்கா தவறிட்டாங்க" என்றான். அழுதுகொண்டிருந்தான். "யார் சொன்னா? நீ பார்த்தியா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது அக்காவின் கேள்வி என்று உறைத்தது. யார் எந்த நல்ல சேதி கொண்டுவந்தாலும் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் கோலாலம்பூரில் நாங்கள் சேர்ந்து வேலை பார்த்தோம். அஞ்சல்தலை அளவுக் கண்ணாடித் துண்டில் கரிமப் பொருளை மெல்லிய படலமாகப் பூசி மின்சாரம் கொடுத்தால், அது பச்சையாகத் தானே ஒளிரும். வருங்காலத் தொலைக்காட்சித் திரை இதுதான் என்று பேசிக்கொண்டார்கள். தொல்லை என்னவென்றால், வெளிச்சம் நிலைக்காது. நம் ஊர் ஈரக்காற்று கொஞ்சம் உள்ளே புகுந்தாலும் நாலு நாளில் மங்கிவிடும். ஈரம் புகாதபடி மூடுவது என் வேலை; வெளிச்சத்தை அளப்பது அக்காவின் வேலை. அவர் மின்சாரத்தை நம்பமாட்டார், ஏர்கானை நம்பமாட்டார், தன் கையிலிருக்கும் மீட்டரையே நம்பமாட்டார். "அதுக்கு என்னா சார் தெரியும்? எந்த வெளிச்சம் பட்டாலும் நம்பர் காட்டும்" என்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

அந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு முந்தின நாள், சோதனைப் பெட்டியின் உள்ளிருட்டை அளந்து மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்தோம். பூஜையன்று பெட்டிக்கு மேல் தட்டில் சாமி படம் வைத்து, சிவப்பு சீரோ வாட் பல்பு ஒன்றை அன்றுமுதல் இரவும் பகலும் எரியவிட்டேன். மறுநாள் புது முறையில் மூடிய கண்ணாடிகளைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினோம். சோதனை முடியும்வரை யாரும் திறக்கக் கூடாது என்பது என் உத்தரவு. இரண்டு நாள் வெளிச்சம் இறங்கியது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. மூன்று வாரம் வரைபடத்தாளில் கோடு அசையவே இல்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா மட்டும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ ஒழுங்கா எதுவும் இருக்காது சார்" என்றார்.

அதற்குப் பிறகு கோட்டில் சின்னச் சின்னப் பள்ளங்கள் விழத் தொடங்கின. காலை ஏழு மணிக்கு, ஒரு நிமிடம் மட்டும். அந்த நேரத்தில் கூடத்தில் இருப்பவர் அக்கா ஒருவர்தான். பெட்டியைத் திறக்கிறாரா? கண்ணாடியை மாற்றிவைக்கிறாரா? மூடியின் ஓரத்தில் யாருக்கும் தெரியாமல் ஒட்டுத்தாள் ஒட்டினேன். அது கிழியவில்லை, பள்ளம் மட்டும் விழுந்தது. போதாததற்கு, அவர் கேன்டீனில் எங்களுக்குப் போட்டியான பக்கத்து ஆய்வுக்குழுக்காரர் ஒருவரோடு சிரித்துப் பேசுவதை வேறு பார்த்துவிட்டேன். வேறென்ன வேண்டும் எனக்கு? அன்று மாலையே துறைத்தலைவருக்குக் கடிதம் எழுதினேன். அளவீட்டில் கைவைக்கிறார், இவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று. என் பெயரை வெளியிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.

கையும் களவுமாகப் பிடிக்க மறுநாள் கிள்ளானில் இருந்த என் வீட்டிலிருந்து முதல் ரயிலில் வந்தேன். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு சாமி படத்துக்கு முன் நின்றார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு பல்பின் பிளக்கைப் பிடுங்கினார். வரைபடத்தாளில் கோடு போடும் மீட்டர் பேனா சரசரவென்று கீழே இறங்கியது.

"என்ன செய்றீங்க?" என்று கத்தியபடி உள்ளே போனேன்.

அவர் பதறவில்லை. "ஒயர் போற ஓட்டை வழியா இந்த பல்பு வெளிச்சம் பெட்டிக்குள்ள போகுது சார். மூணு வாரமா மீட்டர் இதத்தான் பாக்குது."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"சாமி வெளக்கு. நீங்க வச்சது. ஒரு தடவ பாத்துட்டு எப்படி சொல்றது? அஞ்சு நாள் பாத்தேன். தொறந்து பாருங்க லா சார்."

திறந்தேன். கண்ணாடிகள் எல்லாம் கரும்புள்ளி விழுந்து செத்துக் கிடந்தன.

கடிதத்தைத் திரும்ப வாங்கத் தலைவர் அறைக்கு ஓடினேன். நிர்வாகத்துக்கு அனுப்பியாயிற்று என்றார். அக்காவின் ஒப்பந்தம் நான்கு மாதம் நின்றுபோனது. யாரோ எழுதிப்போட்டார்கள் என்று தெரிந்ததும் கூடமே ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டது. எல்லாருடைய கண்ணும் கடைசியில் பாலன் மேல் போய் நின்றது. கூடத்துச் சாவிகள் அவனிடம்தான் இருந்தன; யார் எப்போது வந்து போகிறார்கள் என்பது அவனுக்குத்தான் தெரியும். அக்காவும் அவன் கொண்டுவரும் தேநீரைக் குடிப்பதை நிறுத்திவிட்டார். நான் அவருக்காகப் பரிந்துரை எழுதி, அலைந்து, வேலையைத் திரும்ப வாங்கிக் கொடுத்தேன். எழுதியது நான்தான் என்று மட்டும் சொல்லவில்லை. அடுத்த தீபாவளிக்கு அவர் எனக்கு ஒரு டின் முறுக்கு கொண்டுவந்தார். நான் அதைத் திறக்கவே இல்லை. ஓட்டையை அடைத்த பிறகு எங்களுக்குக் கிடைத்த எண்கள் சின்னவை. ஆனால் உண்மையானவை, அவை அக்கா தந்தவை.

சென்ற வாரம் பிரிக்ஃபீல்ட்ஸில் அவர் வீட்டுக்குப் போனேன். அக்காவின் படத்துக்கு முன்னால் ஒரு சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அவர் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பாலன்தான் எழுதியிருப்பான்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தா. உங்க மேல மட்டும் அவளுக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்ல சார்" என்றார். வாசலில் பாலன் வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தான். அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை.

அக்காவோடு வேலை பார்த்தவர்கள் இதைப் படிப்பீர்கள். நல்ல சேதி வந்தால் "யார் சொன்னா? நீ பார்த்தியா?" என்று கேட்கும் பழக்கத்தை அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கடிதத்தின் கார்பன் நகலும் என்னிடம் இருக்கிறது. பாலா, எழுதியது நான். நம்பாதவர்கள் என் வீட்டுக்கு வந்து கையெழுத்தைப் பார்த்துக்கொள்ளலாம். அக்கா இருந்திருந்தால் முதல் ஆளாக வந்து பார்த்திருப்பார்.