பத்து நிமிடம் மூடிய ஜன்னல்

பள்ளிக்கூடம் என்றாலே எனக்கு எண்ணெய் வாசனைதான் நினைவுக்கு வரும். பாடமாவது ஒன்றாவது! எங்கள் பள்ளி கேன்டீனை நடத்தியவள் என் அம்மா. தலைமை ஆசிரியர் முதல் ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள் வரை எல்லோருக்கும் அவள் கேன்டீன் அக்கா. கோபம் வந்தால் நானும் வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுவேன். முதுகில் ஒன்று விழும்.

மைதானத்தைப் பார்த்த ஒரே ஜன்னல். அதன் மரக்கதவை அவள் தூக்கிக் கொக்கியில் மாட்டும் சத்தத்துக்குப் பள்ளியே ஓடிவரும். உருளைக்கிழங்கு வறுவலும் கிரீம் பன்னும் கலர் சோடாவும் வாங்கிக்கொண்டு அத்தனை பேரும் சுவரோரமாக உட்கார்ந்துவிடுவோம். மைதானத்தில் காக்காதான் விளையாடும்.

மிச்சமானதெல்லாம் சாயங்காலம் ஒரு தகர டப்பாவில் வீட்டுக்கு வரும். எனக்காக. சின்ன வயதில் பசி என்றால் என்னவென்று நன்றாகத் தெரிந்துகொண்டவள் அம்மா. நான் இரண்டு கையாலும் அள்ளித் தின்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். "பிள்ளை நல்லா புஷ்டியா இருக்கா" என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியாது. பள்ளியில் எனக்குப் பூசணி என்று பெயர். அதை அவளிடம் நான் சொன்னதே இல்லை.

பத்தாவது வயதில் பள்ளி நர்ஸம்மா என் ரத்தத்தைச் சோதித்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குதுக்கா. மாடி ஏறினாலே இவளுக்கு மூச்சு வாங்குது. இப்படியே விட்டா இவ அப்பாவுக்கு வந்தது இவளுக்கும் வந்துடும்."

அப்பாவுக்கு முதலில் கட்டைவிரல் போனது, பிறகு கால் போனது, பிறகு அப்பாவே போய்விட்டார். அவர் போய் அப்போது இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

"என் பிள்ளை வயிறார சாப்பிட்டா உங்களுக்கு என்ன வயித்தெரிச்சல்?" என்று அம்மா அந்த அறையே அதிரக் கத்தினாள். நான் வெட்கத்தில் செத்தேன். ஆனால் அன்று சாயங்காலம் டப்பா காலியாக வந்தது.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டதாக நினைத்தாள், பாவம். எனக்கு மட்டும்தானே தடை? மற்ற பிள்ளைகளுக்குப் பொரிப்பது பொரித்தபடியே நடந்தது. மூன்றாம் நாள் கேன்டீனுக்குப் பின்னால், காலி சோடாப் பெட்டிகளுக்கு நடுவில் ஒளிந்துகொண்டு, திருடிய வறுவலை வாயில் அடைத்துக்கொண்டிருந்தபோது அம்மாவிடம் அகப்பட்டேன். சட்டை முழுக்க எண்ணெய். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அவள் என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

"உன்னைச் சொல்லி என்னடி பிரயோஜனம்? உனக்கு விஷம்னு தெரிஞ்சதை ஊர்ப் பிள்ளைங்களுக்கு விளம்பிக்கிட்டு இருக்கேனே!"

மறுநாள் வாணலி அடுப்பில் ஏறவில்லை. அவித்த சோளம், முட்டை, நறுக்கிய பழம், குடிக்கத் தண்ணீர். பிள்ளைகள் எட்டிப்பார்த்துவிட்டு மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு போனார்கள். ஒரு வாரம் ஈ ஓட்டினாள். பிறகுதான் நர்ஸம்மாவிடமே போய் நின்றாள். சண்டை போட்ட வாய் எப்படித்தான் யோசனை கேட்டதோ!

"பசிச்சா பிள்ளைங்க எதையும் தின்னும்க்கா. முதல்ல பசிக்க விடுங்க" என்றார் அவர்.

அன்றிலிருந்து இடைவேளை மணி அடித்தபின் பத்து நிமிடம் ஜன்னல் திறக்காது. "ஓடிட்டு வாங்க, திறக்கிறேன்!" என்று உள்ளேயிருந்து சத்தம் மட்டும் வரும். முதல் இரண்டு நாள் கதவைத் தட்டித் தீர்த்தார்கள். மூன்றாம் நாள் சும்மா நிற்கச் சலித்துப்போய் யாரோ ஒருத்தி யாரையோ துரத்தினாள். அவ்வளவுதான், மைதானம் அமளிதுமளிப்பட்டது. காக்காய்கள் கூரைக்குப் போய்விட்டன. பத்து நிமிடம் கழித்து வேர்க்க விறுவிறுக்க வந்தவர்கள் சோளத்தைக் கேட்டு அடித்துக்கொண்டார்கள்.

நானும் ஓடினேன். ஓட்டமா அது! எல்லோருக்கும் கடைசியாக, இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

உள்ளே என்ன நடந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஒருநாள் தண்ணீர் குடிக்கப் பின்வாசல் வழியாகப் போனேன். அம்மா மூடிய ஜன்னலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். வெளியே ஒரு பொடியன் "அக்கா, பசிக்குது" என்று தட்டிக்கொண்டிருந்தான். அவள் கன்னமெல்லாம் ஈரம். இவளையா கல்நெஞ்சக்காரி என்று பெற்றோர் கூட்டத்தில் பேசினார்கள்? இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு வருடம் கழித்து நர்ஸம்மா மறுபடி என் விரலைக் குத்தினார். இடைவேளைக்குச் சற்று முன் முடிவுத் தாளைத் தானே கேன்டீனுக்குக் கொண்டுவந்தார். நானும் கூடவே வந்தேன்.

"எல்லாம் சரியாயிருக்குக்கா. பயப்பட ஒண்ணுமில்லை."

மணி அடித்ததும் அடிக்காததுமாக, அம்மா பத்து நிமிடமாவது மண்ணாவது என்று கதவைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினாள். அந்தப் பழைய சத்தம். "வாங்கடா, வாங்கடி! இன்னைக்கு உடனே!" என்று கூவினாள்.

ஒருவர்கூடத் திரும்பவில்லை. பள்ளி மொத்தமும் திறந்த ஜன்னலைத் தாண்டி, ஹோவென்று கத்திக்கொண்டு மைதானத்துக்குள் ஓடியது.

அம்மா கரண்டியும் கையுமாக நின்றாள். சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். பிறகு பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தாள்.

"நீ மட்டும் ஏண்டி இங்க நிக்கிறே? ஓடு!"