கேட்காமல் எழுதிய மதம்

தேவானைக்கு மூக்கின் நுனியில் கோபம். தியாகராய நகரில் அப்பாவின் ஜவுளிக்கடையில் அவள் நின்றால், பேரம் பேச வருகிறவர்களே ஒரு நிமிடம் யோசிப்பார்கள். அப்படிப்பட்டவளையே ஒருத்தி ஒரே கேள்வியில் திருத்தினாள்.

1971, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. மயிலாப்பூரில் பள்ளி ஆசிரியையாக இருந்த அவளுக்குக் கடலோரக் குப்பத்தை ஒதுக்கியிருந்தார்கள். மண்டையைப் பிளக்கும் வெயில். சீக்கிரம் முடித்தால் போதுமென்று, வீட்டுத் தலைவர் சொன்ன மதத்தையே வீட்டிலுள்ள எல்லாருக்கும் எழுதிக்கொண்டு போனாள். வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த முனியன், இந்து என்றார். எழுதியதை வழக்கம்போல் உரக்கப் படித்தாள்: முனியன், இந்து, மனைவி லூர்துமேரி, இந்து.

லூர்துமேரி மீன்கூடையை இறக்கி வைத்தாள்.

"நான் இங்கதான நிக்கிறேன். இன்னா சாமின்னு என்னை ஒரு வார்த்த கேட்டியாமா?"

தேவானை அவளைக் கேட்டு அந்தச் சீட்டை அங்கேயே திருத்தினாள். முந்தைய நாள் ஒப்படைத்த சீட்டுகளைத் திருப்பித் தர மேற்பார்வையாளர் மறுத்துவிட்டார். அவற்றில் எத்தனை லூர்துமேரிகளோ.

அந்த வருடக் கடைசியில் பாகிஸ்தானோடு போர் வந்தது. எந்த நாட்டில் எந்த மதத்தார் எத்தனை பேர் என்று பத்திரிகைகள் பட்டியல் போட, தேவானைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையை உதறிவிட்டு, மத உரிமையும் நாடுகளின் அரசியலும் என்று ஆராய்ச்சியில் இறங்கினாள். ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் இப்படி எழுதினாள்: 'நாடுகள் இந்த எண்களை வைத்துத்தான் சண்டை போடுகின்றன. எண்ணியவர்களில் நானும் ஒருத்தி. கேட்காமல் எண்ணினேன்.'

1976, நெருக்கடி நிலைக் காலம். ஜெனீவா மாநாட்டில் பேச அழைப்பு வந்தது. அனுமதி வாங்கப் போன இடத்தில் அதிகாரி கணேசமூர்த்தி தன்மையாகத்தான் பேசினார். வெளிநாட்டில் நம் மானம் போகக்கூடாது, அந்த முதல் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டால் விமானம் ஏறலாம், டாக்டர் பட்டமும் தடையில்லாமல் கிடைக்கும் என்றார். இதற்குச் சம்மதம் என்று தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்த படிவத்தை நீட்டினார்.

ஐந்து வருட உழைப்பு ஒரு கையெழுத்தில் நின்றது. தேவானை வரிவரியாகப் படித்தாள். மதம் என்ற இடத்தில் ஏற்கெனவே இந்து என்று தட்டச்சாகியிருந்தது. பேனாவை மூடினாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா சார்?"

பெயரைப் பார்த்தாலே தெரியாதா என்று அவர் சிரித்தார்.

"நானும் இப்படிக் கேட்காமத்தான் சார் எழுதினேன். பெயரைக்கூட நான் பார்க்கலை."

படிவத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் படியிறங்கினாள். ஜெனீவா வாய்ப்பு போனது போனதுதான். பட்டம் இரண்டு வருடம் இழுத்தடித்து வந்தது. முதல் பக்கத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.