முழு மாதத்து மருந்து

தெருவில் கனமான வண்டி எது போனாலும் அவர் கை நின்றுவிடும். மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டிருந்தால் கத்தரிக்கோல் அப்படியே அந்தரத்தில் நிற்கும். கழுத்து மட்டும் வாசல் பக்கம் நீளும். தண்ணீர் லாரி, மணல் லாரி, குப்பை வண்டி எல்லாவற்றுக்கும் இந்த மரியாதை உண்டு. கிடங்கிலிருந்து வரும் மருந்து லாரி இல்லை என்று தெரிந்ததும், "இவனுங்களுக்கு வேற தெருவே கிடைக்கலையா?" என்று முனகிவிட்டு மறுபடி வெட்டத் தொடங்குவார்.

அரசு மருத்துவ நிலையத்தில் மருந்து கொடுப்பவர். நரைத்த கிழவர்கள்கூட 'லாரி அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்குச் சர்க்கரை வந்ததில் கண்ட ஒரே லாபம் இவர் அறிமுகம்தான். ஒருநாள் மதியச் சாப்பாடு கொண்டுவந்த இவர் கணவர் என்னிடம் புலம்பினார்: "கல்யாணமான புதுசுல எனக்காகக்கூட இவ இப்படி வாசலைப் பார்த்ததில்ல சார்."

"பார்க்கிற மாதிரி நீங்க என்னைக்கு நேரத்துக்கு வந்தீங்க?" என்றார் அக்கா உள்ளிருந்தே.

கிடங்கில் மருந்து இருந்தால் வண்டி இருக்காது. வண்டி இருந்தால் டிரைவர் லீவு. எல்லாம் கூடிவந்தால் கையெழுத்துப் போடும் அதிகாரி மாற்றலாகிப் போயிருப்பார். அதனால் அக்கா இழுத்துப் பிடிக்கப் பழகியிருந்தார். யாராக இருந்தாலும் பாதி மாத மருந்துதான். "ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. உங்களுக்கே அள்ளிக் குடுத்துட்டா பின்னாடி நிக்கிறவங்க எங்க போவாங்க?" இப்படியாக அவருடைய அலமாரி ஒருபோதும் முழுக்கக் காலியானதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

துணி தைக்கும் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பெண் வருவாள். பள்ளிக்கூடம் போகும் மகளுக்குத் தினமும் இன்சுலின் ஊசி. மாதத்துக்கு இரண்டு குப்பி வேண்டும். அக்கா கொடுப்பது ஒன்று. இரண்டாவதற்காக இன்னொரு நாள் லீவு கேட்டால் வேலையே போய்விடும் என்று பயந்து, ஊசியில் மருந்தைக் குறைத்துக் குறைத்துப் போட்டிருக்கிறாள் தாய். மகள் வகுப்பிலேயே மயங்கி விழுந்துவிட்டாள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள். செய்தி காதுக்கு வந்த அன்று அக்கா யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதே வாரம் லாரி வந்தது. வழக்கமாக வருவதில் பாதிகூட இல்லை. கிடங்குக்குப் போன் போட்டு அக்கா போட்ட சண்டை வரிசையின் கடைசி ஆள்வரை கேட்டது. பிறகு போனை வைத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"'உங்ககிட்டதான் எப்பவும் மிச்சம் இருக்கே, அதான் குறைச்சிட்டோம்'ங்கறான். மிச்சம் காட்டினா நல்ல பேருன்னு நினைச்சேன். என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேனே! இனிமே தீர்ந்தா தீரட்டும். தீர்ந்தாத்தான் அவனுக்கு உறைக்கும்."

வந்த பெட்டிகளை அலமாரியில் அடுக்கி முடித்தார். அப்புறம் என்னிடமா, தனக்குத்தானா என்று தெரியாத குரலில் சொன்னார்: "ஒரே ஒரு தடவை, வர்றவங்க கையில மாச மருந்தை முழுசா வெச்சு, 'அடுத்த மாசம் வாங்க'ன்னு சொல்லணும். இத்தனை வருஷத்துல அதைச் சொன்னதே இல்ல சார்."

போன வாரம் அந்தத் தாய் எனக்கு முன்னால் நின்றாள். அக்கா ஃபிரிட்ஜைத் திறந்தார். இன்சுலின் இரண்டே குப்பிதான் இருந்தது. ஒரு கணம் தயங்கினார். இரண்டையும் எடுத்து ஜன்னல் துவாரத்தின் வழியே நீட்டினார்.

வாங்கிப் பார்த்தவள் பதறிப்போனாள். "ஐயோ, தெரியாம ரெண்டு குடுத்துட்டீங்கக்கா," என்று ஒன்றை மறுபடி உள்ளே தள்ளினாள்.

அக்கா அதை அவள் பக்கமே நகர்த்தினார். பிறகு, அது திரும்பி வந்துவிடாதபடி துவாரத்தை உள்ளங்கையால் இறுக மூடிக்கொண்டார்.